கரீம் பாய்க்காக எழுதிய பதினோரு கடிதங்கள்

மாட்டுத் தீவனக் கடை எந்த ஊரில் இருந்தாலும் அதைத் தாண்டும்போது என் நடை குறையும். சாக்குக்குள் இருக்கிற கடலைப் புண்ணாக்கின் வாசனை. கடையில் இருப்பது ஆறிப்போன புண்ணாக்குதான். என் மூக்கில் மட்டும் அது சூடாக ஏறும். எண்ணெய் பிழிகிற எக்ஸ்பெல்லர் மிஷினின் வாயிலிருந்து தகடு தகடாக, கையில் பிடிக்க முடியாத சூட்டோடு, ஆவி பறக்க விழுகிற புண்ணாக்கு. அந்த வாசனைக்குப் பின்னாலேயே ஓர் இருமல் கேட்கும். இருமல் அடங்கியதும் ஒரு கேள்வி கேட்கும்.

"கடுதாசி போட்டியா தம்பி?"

இப்போது என்னோடு வேலை பார்க்கிற இளம் கிளார்க்குகள், ஒரு பேப்பர் தாமதமானால் உடனே, "இன்னொரு மெயில் தட்டி விட்டுடட்டுமா சார்?" என்று கேட்கிறார்கள். கொஞ்சம் பொறு என்று நான் சொன்னால், வயதாகிவிட்டது, வேகம் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர்களைவிட நான் வேகமாக இருந்தவன்.

1. டோக்கன் பதினேழு

எண்பதுகளின் நடுவில் செஞ்சியில், திண்டிவனம் ரோட்டில் இருந்த ஓர் எண்ணெய் மில்லில் நான் கிளார்க். வயது இருபத்து நான்கு. சம்பளப் பட்டியல், மஸ்டர் ரோல் என்கிற ஆஜர்ப் பதிவேடு, ஆட்களின் பென்ஷன் பேப்பர் எல்லாம் என் மேஜைதான். கேட்டைத் தாண்டியதும் சுவரில் இரண்டு மரப் பலகைகள் இருக்கும். காலையில் வருகிறவர்கள் இடது பலகையிலிருந்து தங்கள் நம்பர் போட்ட பித்தளை டோக்கனைக் கழற்றி வலது பலகையில் மாட்ட வேண்டும். மாட்டினால் ஆஜர். என் ஜன்னலுக்கு நேர் எதிரே அந்தப் பலகை. முகத்தைப் பார்க்காமல் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன். சிலர் டோக்கனை ஆணியில் வீசுவார்கள். கரீம் பாய் வைப்பார். பதினேழாம் நம்பர். சத்தமே வராது.

கரீம் பாய் எங்கள் ஃபிட்டர். ஐம்பதைத் தொட்டிருந்தார். மேற்கே ஓர் ஊரில் எட்டு வருஷம் எண்ணெய் மில்லில் இருந்துவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பி எங்களிடம் சேர்ந்து இரண்டரை வருஷம் ஆகியிருந்தது. நான்கு எக்ஸ்பெல்லரும், மல்லாட்டை உடைக்கிற மிஷினும் அவர் பொறுப்பு. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். அதை உடைக்கும்போது தொலியிலிருந்து பறக்கிற தூசி வெயிலில் பார்த்தால் தங்கப்பொடி மாதிரி இருக்கும். அதைப் பத்து வருஷத்துக்கு மேல் மூச்சாக உள்ளே இழுத்தவர் அவர்.

ஒரு நாள் மதியம், துணிக்கடைப் பை ஒன்றில் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தார்.

"உக்காரலாமா தம்பி?"

"இன்னா பாய் இது, உக்காருங்க."

"பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரில படம் புடிச்சாங்க. நெஞ்சு பூரா தூசியாம். இனிமே மில்லுப் பக்கமே தலகாட்டாதன்றாரு டாக்டரு."

"அப்ப நின்னுடுங்க பாய். உடம்புதான முக்கியம்."

"நின்னா இன்னா வரும்? அதக் கேக்கத்தான் வந்தேன்."

எண்ணெய் மில் முதலாளிகள் பல பேர் சேர்ந்து ஆட்களுக்காக நடத்திய சிறிய பென்ஷன் நிதி அது. எங்கள் பக்கத்து மில்களுக்கு மெட்ராஸில் ஓர் ஆபீஸ், மேற்குப் பக்கத்து மில்களுக்கு அங்கே ஓர் ஆபீஸ். மொத்தம் பத்து வருஷ சர்வீஸ் இருந்தால், உடம்பு முடியாமல் நிற்கிறவருக்கு மாதாமாதம் பென்ஷன். அவருக்குப் பிறகு மனைவிக்கு.

"அங்க எட்டு, இங்க ரெண்டர. பத்தரை ஆச்சே" என்றார்.

நான் அவர் கணக்கைப் பிரித்துப் பார்த்தேன். எட்டு வருஷம் எங்கள் பக்கம் வந்து சேரவே இல்லை.

"பழைய கணக்கு இன்னும் மேற்கு ஆபீஸ்லயே இருக்குது பாய். மாத்தல. இங்கத்திய ரெஜிஸ்டர்ல நீங்க ரெண்டர வருஷத்து ஆளு."

"சேரும்போதே மாத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டனே தம்பி."

போட்டிருந்தார். எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் அதை அனுப்பவில்லை. மேஜையின் கடைசி டிராயரில், பழைய காலண்டருக்கு அடியில், துருப்பிடித்த குண்டூசியோடு அந்தப் பாரம் கிடந்தது. நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம். அந்த ஒரு வருஷமும் என் முழங்காலுக்கு அரை அடி தள்ளி அது இருந்திருக்கிறது.

விதியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பழைய சர்வீஸ் மாறி வந்து எங்கள் ரெஜிஸ்டரில் ஏறுகிற நாளில் ஆள் வேலையில் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் நின்றுவிட்டால் இரண்டு கணக்கையும் தனித்தனியாக முடித்துக் கையில் கொஞ்சம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மாதாமாதம் எதுவும் கிடையாது. மனைவிக்கும் கிடையாது.

கரீம் பாய் கொஞ்ச நேரம் இருமினார். பிறகு சொன்னார்: "எனக்குக் கூட வேணாம். மைமூன் இருக்கா. பொண்ணக் கட்டிக் குடுத்த வீட்டுல போயி அவ சோத்துக்கு நிக்கக் கூடாது. அவ்ளோதான். எத்தினி நாளு ஆவும்?"

"ஒரு மாசம் பாய்" என்றேன். எந்த ஆதாரமும் இல்லாமல் சொன்னேன். அவர் முகத்துக்காகச் சொன்னேன்.

மேனேஜரிடம் போனேன். கெட்டவர் இல்லை. அவருக்கு மேலேயும் ஆள் இருந்தார்கள்.

"இதப் பாரு செல்வம். ஆளு வந்து டோக்கன் மாட்டினா அவரு என் வேலக்காரரு. உக்காந்து செய்றாரா நின்னு செய்றாரான்னு நான் எட்டிப் பாக்க மாட்டேன். சேர்ந்தாப்புல பத்து நாளு வரலன்னா பேர அடிக்கணும். அது என் கையில இல்ல."

அன்றே பாரத்தை ரிஜிஸ்டர் தபாலில் மேற்கு ஆபீசுக்கு அனுப்பினேன்.

2. பதினைந்து நாளுக்கு ஒன்று

ஒரு மாதம் பதில் இல்லை. முதல் ரிமைண்டர் எழுதினேன். வறட்டுக் கடிதம். பொருள், பார்வை, மேற்படி தொழிலாளி. ஒரு வாரத்தில் ஒப்புகை அட்டை திரும்பி வந்தது, ஊதா முத்திரையோடு. அதைக் கரீம் பாயிடம் காட்டினேன். அவர் எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு அட்டையை வாங்கி முத்திரையைத் தடவிப் பார்த்தார்.

"கைக்குப் போயிடுச்சுன்னு அர்த்தம், இல்ல?"

"ஆமா பாய்."

"அப்ப வேல நடக்குது."

அன்றைக்கு அவர் இருமல்கூடக் குறைந்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு பதினைந்து நாளுக்கு ஒன்று என்று கணக்கு வைத்துக்கொண்டேன். காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டேன். வட்டம் போட்ட நாள் சாயந்தரம் கரீம் பாய் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்பார், கடுதாசி போட்டியா தம்பி என்று. போட்டாச்சு பாய் என்பேன். சரி என்று தலையாட்டிவிட்டு, டோக்கனை இடது பலகைக்கு மாற்றிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பள்ளிவாசல் தெருவுக்குப் போவார். ஏறி மிதிக்க மூச்சு இடம் கொடுக்கவில்லை.

அப்போது நான் சிறுபத்திரிகைகளுக்குக் கவிதை அனுப்பிக்கொண்டிருந்தேன். எந்தப் பத்திரிகையும் ஓர் ஒப்புகை அட்டைகூட அனுப்பியதில்லை. இந்த ஆபீஸ் அனுப்பியது. எனக்கும் அதில் ஒரு கிளர்ச்சி வந்துவிட்டது என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன். நான்காவது கடிதத்தில் மேற்படி என்ற வார்த்தையை எடுத்தேன். ஐந்தாவதில் தூசியைப் பற்றி எழுதினேன். ஏழாவதில், "இத்தொழிலாளி ஒவ்வொரு மூச்சையும் அடுத்த மூச்சிடமிருந்து கடனாக வாங்குகிறார். தங்கள் ஒரு கையெழுத்துக்குள் அவர் மனைவியின் அடுப்பு எரியக் காத்திருக்கிறது" என்று எழுதினேன். மூன்று முறை அடித்துத் திருத்தி, கார்பன் வைத்து நல்ல எழுத்தில் எழுதினேன். மேனேஜர் கையெழுத்துப் போடும்போது படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கல்லுகூடக் கரைஞ்சிடும்பா."

எனக்குப் பெருமையாக இருந்தது.

மில்லுக்குள் கரீம் பாய் இப்போது கையால் வேலை செய்யவில்லை. மிஷின் சத்தத்தைக் கேட்டார். இரண்டாவது எக்ஸ்பெல்லருக்குப் பக்கத்தில், தூசி குறைவான மூலையில், காலிச் சாக்கு மடித்துப் போட்டு உட்கார்ந்திருப்பார். தலை கொஞ்சம் சாய்ந்திருக்கும். அவருக்குக் கையாள் சிங்கவரத்து ஏழுமலை. முப்பது வயது, நல்ல உடல்கட்டு, ஓயாத வாய்.

"ஏழுமல, மூணாவது மிஷினு சத்தம் மாறுது. கோன் இறுக்கமா வச்சிட்ட. அரை திருகு விடு."

"இங்க நிக்கிற எனக்குக் கேக்கல, அங்க குந்திக்கினு இருக்கற உனுக்குக் கேக்குதா? காது வச்சிருக்கியா ரேடியோ வச்சிருக்கியா பாய்?"

"விட்றா சொல்றத."

விடுவான். சத்தம் சரியாகும். எண்ணெய் ஓடையில் விழுகிற தாரை தடிக்கும். இப்படி அவர் காதும் ஏழுமலையின் கையும் சேர்ந்து ஒரு ஃபிட்டராக ஓடிக்கொண்டிருந்தது.

3. ஒன்பதாம் நாள்

ஆறாவது மாதம். கரீம் பாய் வரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள் என்று வராமல் இருந்துவிட்டு வருவது உண்டு. இந்த முறை ஆறு நாள் ஆயிற்று. ஏழு. எட்டாம் நாள் காலை நான் மஸ்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோது பலகையில் பதினேழு தொங்கியது. எனக்கு உயிர் வந்தது. எக்ஸ்பெல்லர் பக்கம் போய்ப் பார்த்தேன். மடித்துப் போட்ட சாக்கு காலியாக இருந்தது.

ஏழுமலை என்னைப் பார்க்காமலே சொன்னான்: "நாந்தான் மாட்டினேன் சார். அந்தாளு எழுந்து உக்கார முடியாம கெடக்கறாரு. நீ கண்ண மூடிக்க. ஒரு டோக்கன் மாட்டினதுல இந்த மில்லு குடி முழுகிடாது."

கண்ணை மூடிக்கொண்டேன். அந்த நாளுக்கு ஆஜர் என்று எழுதவும் செய்தேன்.

ஒன்பதாம் நாள் ஏழு மணிக்கு ஏழுமலையின் சைக்கிள் கேரியரில் கரீம் பாய் வந்து இறங்கினார். கழுத்தைச் சுற்றி மஃப்ளர். இறங்கி நிற்கவே இரண்டு நிமிஷம் ஆயிற்று. நேராகப் பலகைக்குப் போகவில்லை. என் ஜன்னலுக்கு வந்தார்.

"நேத்து நான் வந்ததா எழுதிட்டியாமே."

நான் மஸ்டரை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"அத அடி. நான் வரல."

"பாய், ஒரு நாளு…"

"பொய் ஆஜர்ல வர்றது என் வூட்டுக்கு வேணாம் தம்பி. அவ அத வாங்கித் துன்ன மாட்டா. எனக்குத் தெரியும்."

ஏழுமலை பின்னாலிருந்து முணுமுணுத்தான்: "ஊரே துன்னுது. இவுரு ஒருத்தருக்குத்தான் செரிக்கல."

நான் மஸ்டரில் அடித்துப் பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டேன். கரீம் பாய் போய் டோக்கனை எடுத்து மாட்டினார். அன்றைக்குத்தான் முதல் தடவை பதினேழாம் டோக்கன் ஆணியில் சத்தம் போட்டது.

அன்று இரவே முடிவு செய்தேன். இனி கடிதம் போதாது, நேரில் போக வேண்டும். அதற்கு முந்தின நாள்தான் பதினோராவது ரிமைண்டர் போயிருந்தது. ஒரு வாரம் கழித்துத்தான் லீவு கிடைத்தது.

4. மூன்றாவது மேஜை

திருவண்ணாமலை வழியாக ஓர் இரவு முழுக்க பஸ். அந்த ஊரின் பெயர் வேண்டாம். ஆபீஸ் ஒரு மாடிக் கட்டடத்தில், கீழே சைக்கிள் கடை. மூன்று மேஜைகள் ஒன்றன்பின் ஒன்றாக. முதல் மேஜையில் நாற்பது வயதிருக்கும் ஓர் அம்மா, மூக்குக் கண்ணாடி, பக்கத்தில் டிபன் பாக்ஸ். செஞ்சியிலிருந்து வருகிறேன் என்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

"செஞ்சிங்களா? அந்தக் கடுதாசிக்காரருங்களா நீங்க?"

"ஆமாம்மா."

"இத்தன சின்னப் பையனா இருப்பீங்கன்னு நெனைக்கலீங்க. உக்காருங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த மூச்சுக் கடுதாசிய நாங்க எல்லாரும் சேந்து சத்தமாப் படிச்சோமுங்க. சூப்பிரண்டு சாரே கண்ணத் தொடச்சாரு" என்றார்.

நெஞ்சு நிறைந்து, "அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் கோத்து வச்சோமுங்க."

ஃபைலை எடுத்துப் போட்டார். என் விரல் தடிமன் இருந்தது. நூல் கோர்த்த மூலையில் என் பதினோரு கடிதங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. அவற்றுக்கு அடியில் நான் அனுப்பிய பாரம். அதற்கும் அடியில் அந்த அம்மாவின் கையெழுத்தில் ஒரு குறிப்பு: சரிபார்க்கப்பட்டது, எட்டு வருட சர்வீஸ் சரி, மாற்றலாம். முதல் மாதத்திலேயே எழுதியது.

"இது எப்பவோ முடிஞ்சிருச்சுங்களே" என்றார். "ஆபீசர் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

"ஒரு கையெழுத்துக்கு இத்தனை மாசமாம்மா?"

அவர் கோபப்படவில்லை. பென்சிலால் மூன்று மேஜைகளையும் காட்டினார். "இது நானு. அது சூப்பிரண்டு. அது ஆபீசர். ஒரு ஃபைலு இங்கிருந்து அங்க ஏற ஒரு வாரமுங்க. அங்கிருந்து மூணாவது மேஜைக்கு இன்னொரு வாரம். ஆபீசர் வாரத்துல ரெண்டு நாளுதான் இங்க இருப்பாரு. அவரு கட்டுல நம்ம ஃபைலு மேல வர இன்னொரு வாரம். நீங்க பாட்டுக்குப் பதனஞ்சு நாளைக்கு ஒண்ணு போட்டீங்க. புதுக் கடுதாசி வந்தா ஃபைலு எங்க இருந்தாலும் எறக்கி எங்கிட்ட கொண்டாருவாங்க. நான் அதக் கோத்து, புது நோட்டு எழுதி, மறுக்காவும் முதல்லருந்து ஏத்தோணும். போன வாரந்தானுங்க ஆபீசர் மேஜைல மேலருந்து ரெண்டாவதா இருந்துச்சு. உங்க கடுதாசி வந்துச்சு. எறக்கிட்டேன்."

சைக்கிள் கடையில் யாரோ டயரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கடிதத்த ஓரமா வச்சிட்டுக் கையெழுத்து வாங்கியிருக்கலாமேம்மா."

"பதிலு சொல்லாத கடுதாசிய வெளிய வச்சுட்டு ஃபைல மேல அனுப்பினா எம்மேல மெமோ வருமுங்க. எனக்கும் வேலை வேணுமுங்களே."

"நீங்க ஒரு வரி எழுதியிருக்கலாம். இனிமே எழுதாதேன்னு."

"எழுதோணும்னா அதுக்கும் மூணு மேஜை ஏறோணுமுங்க."

ஆபீசர் அன்று இல்லை. அடுத்த வாரம்தான். நேரில் வந்ததற்கு ஒரு மனுவாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று பேனாவை எடுத்தேன். அந்த அம்மா கையை நீட்டித் தடுத்தார்.

"அதுவும் ஒரு கடுதாசிதானுங்க. தயவு பண்ணி ஒரு மாசம் ஒண்ணுமே எழுதாதீங்க. சும்மா இருங்க. அதான் நீங்க செய்யற ஒத்தாச."

5. பேனாக்கை

திரும்பி வருகிற பஸ்ஸில், கரீம் பாயிடம் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட்டால் அடுத்த வட்டம் போட்ட நாளில் அவர் ஜன்னலுக்கு வருவார்.

மறுநாள் எக்ஸ்பெல்லர் பக்கம் போய் அவர் சாக்கருகில் குந்தி உட்கார்ந்து சொன்னேன். மிஷின் சத்தத்தில் கொஞ்சம் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. தன் தப்பைக் கத்திச் சொல்ல வேண்டிய இடம் எண்ணெய் மில் மாதிரி வேறில்லை. முதல் மாதமே முடிந்த வேலை, என் கடிதங்கள்தான் அதை இறக்கி இறக்கிக் கீழே வைத்தன, என்றேன். ஏழுமலை ஸ்பேனரை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

கரீம் பாய் என்னைப் பார்க்கவில்லை. மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்வையை எடுக்காமலே சொன்னார்:

"ஓடுற எக்ஸ்பெல்லர அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா நிறுத்தித் தொறந்து பாத்தா எண்ண வராது. உள்ளுக்குள்ள புண்ணாக்கு கட்டிக்கும். இது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நாந்தான் உன்ன கேட்டுக் கேட்டுப் போட வச்சேன்." மூச்சு வாங்கினார். "ஏழுமல, இன்னா வாயப் பொளந்து பாக்குற. பதினாலு நம்பர் ஸ்பேனர எடு."

அவ்வளவுதான். மன்னித்தார் என்று சொல்ல முடியாது. அதற்குப் பிறகு ஜன்னலுக்கு வரவில்லை. காலையில் டோக்கனை மாட்டுவார், தலையைக் குனிந்தபடி போவார். சாயந்தரம் கழற்றுவார், போவார்.

எழுதாமல் இருப்பது எவ்வளவு கடினமான வேலை என்று அந்த நாட்களில் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிப் பாறை வெயிலில் வெந்துகொண்டிருந்தது. அசையாமல் கிடக்கிற அதைப் பார்க்கவே எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த அம்மா மறந்திருந்தால்? லீவில் போயிருந்தால்? வேறு ஃபைலுக்கு அடியில் போயிருந்தால்? பத்தொன்பதாம் நாள் தாங்காமல் ஒரு கடிதம் எழுதிவிட்டேன். கவரில் போட்டு, ஒட்டி, விலாசமும் எழுதிவிட்டேன். தபால்பெட்டி வரைக்கும் போய்விட்டுத் திரும்பும்போது ஏழுமலை டீக்கடையில் நின்றிருந்தான்.

"இன்னா சார், பேனாக்கை அரிக்குதா?"

கவரை அவன் எதிரிலேயே கிழித்தேன். துண்டுகளை வாங்கி டீக்கடை அடுப்பில் போட்டான். "பாய்கிட்ட சொல்ல மாட்டேன்" என்றான். அவன் சொல்லாமல் விட்ட ஒரே விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன்.

கரீம் பாய் மறுபடியும் வராமல் போனார். இரண்டு நாள். நான்கு நாள். நான் மஸ்டரில் அவர் பெயருக்கு நேரே ஆப்சென்ட் போட்டுக்கொண்டே வந்தேன். பொய் எழுதக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். ஆறாம் நாள், அதாவது நான் திரும்பி வந்த இருபத்து நான்காம் நாள், போஸ்ட்மேன் மற்ற தபாலோடு ஒரு பழுப்புக் கவரையும் போட்டுவிட்டுப் போனார். ரிஜிஸ்டர்கூட இல்லை. உள்ளே அச்சடித்த பாரம் ஒன்று, கோடிட்ட இடங்களில் ஐந்து வரி. எட்டு வருடம். கீழே ஒரு கையெழுத்து. என் பதினோரு கடிதங்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

உடனே எங்கள் ரெஜிஸ்டரில் ஏற்றி மேனேஜரிடம் கையெழுத்து வாங்கினேன். பெயர் அடிபட இன்னும் நான்கு நாள் இருந்தது. ஏழுமலை சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தான்.

6. கேட்

மறுநாள் கரீம் பாய் கேரியரில் உட்கார்ந்து வந்தார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது. எண்ணெய்க் கறை இல்லாத சட்டையில் அவரை நான் பார்த்ததில்லை. டோக்கனை மாட்டினார். என் மேஜையில் உட்கார்ந்து, உடல்நிலை காரணமாக வேலையிலிருந்து நிற்கிறேன் என்ற பாரத்தில் கையெழுத்துப் போட்டார். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக. பிறகு எழுந்து போய் டோக்கனைக் கழற்றிக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்தார். சத்தம் வராமல் வைத்தார்.

மேனேஜர் அறையிலிருந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "போய் வா கரீம். ஒடம்பப் பாத்துக்க." ஏழுமலை சைக்கிளைத் திருப்பி நிறுத்துவதும், மறுபடி இந்தப் பக்கம் திருப்புவதுமாக இருந்தான்.

கேட்டருகே நடந்ததைச் சொல்வதற்கு முன் பிறகு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அவர் மூன்று மாதப் பென்ஷனைத் தன் கையால் வாங்கினார். நான்காவது மாதம் போய்விட்டார். பள்ளிவாசல் தெரு எங்கள் மில்லிலிருந்து சைக்கிளில் பத்து நிமிஷம். அந்த மூன்று மாதத்தில் நான் ஒரு தடவைகூடப் போகவில்லை. அடுத்த வாரம் போகலாம், சீசன் முடியட்டும், கணக்கு முடியட்டும் என்று இருந்தேன். மேற்கு ஆபீசில் மூன்று மேஜை இருந்தது என்று அத்தனை நாள் குறை சொன்னேன். எனக்குள் எத்தனை மேஜை இருந்தது என்று தெரியவில்லை.

மைமூன் அம்மா பெயருக்குப் பென்ஷன் மாற்ற அவர் கையெழுத்து வேண்டியிருந்தது. அவர் இத்தா இருந்தார். கணவர் போன பிறகு நான்கு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வரமாட்டார்கள். பாரத்தை எடுத்துக்கொண்டு நான்தான் போனேன். அந்த வீட்டு வாசலை நான் பார்த்தது அன்றைக்குத்தான். மகள் பாரத்தையும் பேனாவையும் திரைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனாள். கொஞ்ச நேரம் கழித்துக் கையெழுத்தோடு திரும்பி வந்தது. உள்ளேயிருந்து ஒரு குரல், "டீ குடிச்சிட்டுப் போகச் சொல்லும்மா" என்றது. குடித்தேன்.

அந்தப் பாரத்தை மெட்ராஸ் ஆபீசுக்கு அனுப்பிவிட்டு ஒரு வரிகூட எழுதாமல் இருந்தேன். ஒரு மாதத்துக்குள் ஆர்டர் வந்தது. அதையும் தபாலில் அனுப்பாமல் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இளைய நண்பர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். தாமதமாகிற பேப்பருக்கு இன்னொரு கடிதம் எழுதுவதற்கு முன், அது யாருடைய எந்த மேஜையில் இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். காத்திருக்கிற ஆளுக்குத் தபால் அட்டையைக் காட்டிச் சமாதானம் சொல்லாதீர்கள். அவர் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் உட்காருங்கள். முதலாவதை நான் பதினோரு கடிதம் எழுதிக் கற்றுக்கொண்டேன். இரண்டாவதைக் கரீம் பாய் எனக்குச் சொல்லிவிட்டுத்தான் போனார். எனக்குத்தான் கேட்கவில்லை.

அன்று கேட்டருகே ஏழுமலை சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, அவர் கேரியரில் ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கினார். நான் பக்கத்தில் போய், "மெட்ராஸ்லருந்து பென்ஷன் ஆர்டர் வந்ததும் கடிதம் போடறேன் பாய்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு.

"கடுதாசியெல்லாம் போடாத தம்பி. நான் இருக்கறனா இல்லையான்னு பாக்கணும்னா, நேர்ல வா."